இரும்புப் பஞ்சு

முதலில் எள் என்று நினைத்தேன்.
கூட்டுக்கு அடியில் விரித்த விளம்பரத் தாளில்
முனை கூரிய ஏழெட்டு எள்.
நான் எள் வாங்கி எட்டு மாதம்.

மொன்ட்ரியல், பார்க் எக்ஸ்டென்ஷன், மூன்றாம் மாடி.
நவம்பர்.
ஹீட்டர் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில்
சுண்டுவிரல் நுழையும் ஓர் ஓட்டை.
சுண்டெலிக்கு அது கல்யாண மண்டபத்து வாசல்.

பவுணும் சில்லறையும் இரவில் பயந்தார்கள்.
காக்கட்டீல் பயந்தால் கத்துவதில்லை.
இருட்டில் கம்பியெங்கும் சிறகை அடிக்கும்,
யாரோ சீட்டுக்கட்டைச் சுவரில் எறிவது போல.
விளக்கைப் போட்டால்
சில்லறையின் சிறகோரம் ஒரு துளி இரத்தம்,
தரையில் சாம்பல் இறகு,
ஃப்ரிட்ஜுக்கு அடியில்
அவசரமே இல்லாமல் உள்ளே போகிற ஒரு வால்.

சாவிக்கொத்துச் சத்தம் முன்னே வர
ஸ்தாவ்ரோஸ் வந்தார்.
நீலக் கட்டிகள் நிறைந்த பெட்டியை மேசையில் வைத்தார்.
தின்றால் மூன்று நாளில் சுவருக்குள்ளேயே சாகும் என்றார்.
பறவைகள் இருக்கின்றன என்றேன்.
பறவைக்கா வைக்கிறோம் என்றார்.
தின்ற வாயோடு எலி கம்பியில் ஏறும்,
தினைக் கிண்ணத்துக்குள் இறங்கி நிற்கும்,
விடிந்ததும் அதே கிண்ணத்தில் பவுண் அலகு வைப்பான்
என்று சொல்ல
என் பிரெஞ்சில் வினைச்சொற்கள் போதவில்லை.
பெட்டியை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.
அதற்கு இலக்கணம் வேண்டாம்.

பூனை ஒண்டு வளரன் என்றா திலகேஸ்வரி அக்கா.
சொல்லி முடித்த பிறகுதான் கூட்டைப் பார்த்தா.

சாமித்தட்டில் பிள்ளையார்.
அவரிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை,
அவருக்கு அந்தப் பக்கம் போக்குவரத்து.

பசை அட்டை வேண்டாம், பவுண் தரையில் நடப்பவன்.
இரும்புப் பஞ்சு வாங்கினேன்.
பாத்திரம் தேய்க்கிற அதே பஞ்சை
கத்தரிக்கோல் முனையால் ஓட்டைக்குள் திணித்தேன்,
காதுக்குப் பஞ்சு வைப்பது போல, நிரம்பும் வரை.
தினை ஊறுகாய்ப் போத்தலுக்குள் போனது.
ஒன்பது மணிக்குக் கிண்ணத்தை வெளியே எடுத்துவிடுவேன்.
அப்போதுதான் கவனித்தேன்:
பவுண் ஒரு சூரியகாந்தி விதை தின்றால்
இரண்டைக் கீழே போடுகிறான்,
போட்டுவிட்டு எட்டியும் பார்க்கிறான்.
இத்தனை நாளும் விருந்து வைத்தது யாரென்று
எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை வெட்டி
உள்ளே பொறி,
பொறியில் மிளகளவு கடலை வெண்ணெய்.
முதல் இரவு ஒன்றுமில்லை.
இரண்டாம் இரவு வெண்ணெய் மட்டும் இல்லை.
மூன்றாம் இரவு
கீச்.
உடனே, டக்.

காதுகள் அவ்வளவு மெல்லியவை என்று தெரியாது,
டோர்ச் வெளிச்சம் ஊடாகப் போனது.
ரொட்டி வந்த பையில் போட்டு இரண்டு முடிச்சு.
குப்பைக் குழாயில் அது விழுந்துகொண்டே இருந்தது,
மூன்று மாடிக்கு அவ்வளவு நேரம் எடுக்காது.
பிறகு கையை வெந்நீரில் கழுவினேன்,
பிறகு மறுபடியும்.

பத்து நாள் நன்றாக நித்திரை.
பதினோராம் இரவு, கீச்.

ஃப்ரிட்ஜை இழுத்தேன். அடுப்பை இழுத்தேன்.
பஞ்சு வைத்தபடி இருந்தது.
பொறி வாயைத் திறந்தபடி.
மறுநாளும் கீச்.
எள்ளைத் தேடி முழங்காலில் தவழ்ந்தேன்,
கிடைத்தது ஒரு காதணி,
போன வருடம் தொலைந்தது.

ஞாயிறு காலை, தேநீர் கொதிக்கும்போது,
முழு வெளிச்சத்தில்,
திரைச்சீலைக் கம்பியில் பவுண் கொண்டையை நிமிர்த்தினான்.
அலகைத் திறந்தான்.
கீச்.
தலையைச் சாய்த்து ஒரு மூச்சு விட்டு
டக்.

சில்லறை பாதிக்கண் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்,
பழகிய பாட்டைக் கேட்பவள் போல.

இப்போது நாளுக்கு ஆறேழு தடவை.
சில நேரம் டக் வருவதில்லை.
அந்த நாட்களில் நான் கரண்டியைப் பிடித்தபடியே
நின்றுவிடுகிறேன்.

வாடகைச் செக் வாங்க வந்த ஸ்தாவ்ரோஸ்
வாசலில் நின்று காது கொடுத்தார்.
குனிந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் பார்த்தார்.
ம்ம் என்றார்.
கோட்டுப் பையிலிருந்து
நீலப் பெட்டியை மறுபடி எடுத்தார்.